சக்கர நேர்நிலை: துணியும் முறை

ஒரு பொருள் பழுதுற்றதா அன்றா என்று துணிதல், அப்பழுதை நீக்குதலினும் அரிய செயலாகும். நீக்குதற்குக் கருவியும் கைப்பழக்கமும் போதும். பழுது உண்டோ, உண்டாயின் யாண்டுளது என்று அறிதற்கோ பொறுமையும் ஆராய்ச்சியும் வேண்டும். மருத்துவர்க்கும் நடுவர்க்கும் உரிய இவ்வுண்மை மோட்டார் வண்டி ஓட்டுவார்க்கும் உரியதேயாம். ஒரு காருக்குச் சக்கரங்களின் நேர்நிலையைத் திருத்துதல் வேண்டுமா, வேண்டாவா என்று துணியும் முறையை, உத்திரமேரூர்ப் பக்கத்துச் சாலைகளை இடமாகக் கொண்டு, இக்கட்டுரையில் எடுத்துரைப்பேன். பட்டறைகளில் ‘வீல் அலைன்மென்ட்’ என்று வழங்குவதையே ஈண்டுச் சக்கர நேர்நிலை என்கின்றேன். தமிழ் பயில்வானுக்கும் பட்டறைக்கும் உள்ள உறவு யாது என்று வினவுவார்க்கு விடை கட்டுரையின் போக்கிலே கிடைக்கும்.

பொருளின் பயன்

காஞ்சிபுரம் மாவட்டம் பட்டுக்கும் கோயில்களுக்கும் பெயர்பெற்றது என்பதைச் சொல்ல வேண்டுவதின்று. அஃது இன்று மோட்டார் வண்டிகளுக்கும் பெயர்பெற்று விளங்குகின்றது. ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனத்தார் 1998-ஆம் ஆண்டில் கார்களைச் செய்து வெளியிடத் தொடங்கினர். ஒரகடத்தில் ரெனோ-நிசான் கூட்டுத் தொழிற்சாலை 2010-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்றது. அவ்வூரிலேயே அப்பல்லோ நிறுவனத்தாரின் டயர் ஆலையும் உளது. டயர்த் தொழிலைப் பற்றிப் பேசுங்கால், சென்னைக் கிறித்தவக் கல்லூரியிற் பயின்ற கே. எம். மாம்மன் மாப்பிள்ளை அவர்களை நினையாதிருத்தல் இயலாது. அவர் 1946-ஆம் ஆண்டில் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் விளையாட்டுப் பலூன்கள் செய்யத் தொடங்கினார். 1952-இல் தேய்ந்த டயர்களுக்கு மேற்றோலிடும் ரப்பர் செய்தார். அத்தொழிலே பின்னர் எம். ஆர். எஃப். என்னும் பெரு நிறுவனமாய் வளர்ந்தது.

காரும் டயரும் பிறக்கும் இம்மாவட்டத்தின் தென்பகுதியிலே உத்திரமேரூர் உளது. ஏரி நீரை நம்பி நெல் விளையும் நாடு அது. அங்கிருந்து காஞ்சிபுரம், செங்கற்பட்டு, மதுராந்தகம், வந்தவாசி ஆகிய ஊர்களுக்குச் சாலைகள் பிரிகின்றன. சாலையோரம் மழையால் அரிப்புண்டு விளிம்பு பெயர்ந்திருக்கும் இடங்கள் பல. வெள்ளைக் கோடும் இல்லாமல் இரவில் திடீரென எதிர்ப்படும் வேகத்தடைகளும் பல. அறுவடைக் காலத்தில் சாலையின் ஒரு பாதி நெற்களமாகிவிடும். வண்டிகள் மற்றொரு பாதியில் ஒதுங்கி, விளிம்பிலிருந்து மண்ணுக்கு இறங்கி ஏறிச் செல்லும்.

இச்சிற்றூர்களில் வாடகைக்குக் கார் ஓட்டுவோர் பெரும்பாலும் ஒரு வண்டியையே உடையவர்; அவ்வண்டியும் பெரும்பாலும் கடன்மேல் வாங்கியதாகவே இருக்கும். பகலிற் கலியாணக் கூட்டத்தை ஏற்றிச் செல்லும் அவ்வண்டியே, நள்ளிரவில் நோயாளியையோ கருவுற்ற மகளையோ செங்கற்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டு செல்கின்றது. நான்கு டயர்களை ஒருங்கே மாற்றுதல் அவ்வோட்டுநர்க்குச் சில மாதத்துச் சேமிப்பை விழுங்கும் செலவு. நேர்நிலை பிறழ்ந்த சக்கரமோ, பல்லாயிரம் கிலோமீட்டர் ஓடவேண்டிய டயரை அதன் வாழ்நாளிற் பாதியும் முடியுமுன்னே தேய்த்துவிட வல்லது. அன்றியும், அங்ஙனம் தேய்ந்த டயர் ஐப்பசி கார்த்திகை மழையில் ஈரச் சாலையைப் பற்றும் வலியை இழந்துவிடும். ஆகலின், இஃது உயிரும் பொருளும் சார்ந்த செய்தி என்பது தெளிவு.

நேர்நிலை என்பது யாது?

மாட்டு வண்டிக்கு இரண்டு சக்கரங்களே. அவை ஓர் அச்சின் இரு முனைகளிலும் சுழல்வன. வண்டியைத் திருப்புவன எருதுகள். சக்கரங்கள் தம்முள் ஒன்றையொன்று நோக்கும் நிலை மாறுவதில்லை. ஆகவே, பண்டை வண்டிக்காரர்க்கு அச்சு முறிவதே பெருங்கவலையாயிருந்தது. உப்பு வாணிகராகிய உமணர் மேடும் பள்ளமும் கருதி, வண்டியின் அடியிலே சேம அச்சு ஒன்றையும் கட்டிச் சென்ற செய்தியை ஔவையாரின் புறநானூற்றுப் பாட்டு ஒன்றால் அறிகின்றோம். சாலையின் கேட்டை முன்னரே எண்ணி அதற்கு அணியமாயிருக்கும் அறிவு நம் நாட்டு வண்டிக்காரர்க்குப் பழையது என்பது இதனாற் பெறப்படும்.

நான்கு சக்கர வண்டியில், முன்சக்கரங்கள் தனித்தனியே திரும்புமாறு அமைக்கப்பட்ட பின்னரே நேர்நிலை என்னும் கேள்வி எழுந்தது. வளைவில் திரும்புங்கால் உட்புறச் சக்கரம் சிறு வட்டத்திலும் வெளிப்புறச் சக்கரம் பெரு வட்டத்திலும் ஓடுதலின், உட்புறச் சக்கரம் சற்று மிகுதியாகத் திரும்புதல் வேண்டும். இதற்குரிய அமைப்பை மியூனிக் நகரத்து வண்டித் தொழிலாளர் கியோர்க் லாங்கென்ஸ்பெர்கர் 1817-ஆம் ஆண்டிற் கண்டார். அவர் சார்பில் ருடால்ஃப் ஆக்கர்மன் என்பார் 1818-இல் இலண்டனில் அதற்குக் காப்புரிமை பெற்றார். குதிரை வண்டிக்காகக் கண்ட அவ்வமைப்பின் கருத்தே இன்றைய கார்களிலும் நின்று நிலவுகின்றது.

இன்று பட்டறையில் அளக்கும் கோணங்கள் மூன்று. அவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதலாவது ‘டோ’ எனப்படுவது. காரை மேலிருந்து நோக்குவதாகக் கொள்க. நடக்கும்போது சிலர் பாதங்களை உள்நோக்கி வைப்பர். சிலர் வெளிநோக்கி வைப்பர். அதுபோலவே, முன்சக்கரங்கள் இரண்டின் முன்விளிம்புகள் பின்விளிம்புகளைக் காட்டிலும் நெருங்கியிருப்பின் உள்நோக்கு என்றும், அகன்றிருப்பின் வெளிநோக்கு என்றும் கூறலாம். இரண்டாவது ‘கேம்பர்’. காரின் முன் நின்று நோக்குங்கால், சக்கரம் நிமிர்ந்து நில்லாது தலைப்பக்கம் உட்புறமோ வெளிப்புறமோ சாய்ந்திருக்கும் அளவே அது. மூன்றாவது ‘காஸ்டர்’. சக்கரம் எவ்வச்சைப் பற்றித் திரும்புகின்றதோ அத்திருப்பச்சு, பக்கவாட்டில் நின்று நோக்குங்கால், முன்னோ பின்னோ சாய்ந்திருக்கும் அளவே இது. மிதிவண்டியின் முன்கவை சற்றுப் பின்சாய்ந்து நிற்றலை யாவரும் கண்டிருப்பர். அஃதே இதற்கு எளிய எடுத்துக்காட்டு. வளைவில் திருப்பிய ஸ்டியரிங் தானே நேர்நிலைக்கு மீண்டு வருதற்குக் காஸ்டரே பெருந்துணை செய்வது.

இம்மூன்றும் சுழியமாக இருத்தல் வேண்டும் என்று எண்ணற்க. ஒவ்வொரு காருக்கும் அதனைச் செய்தோர் வகுத்த அளவு உண்டு. அவ்வளவினின்றும் பிறழ்தலே பழுதாம். அப்பிறழ்ச்சி சிறிதாயினும் விளைவு பெரிதாதலை ஒரு கணக்கால் விளக்குவேன். ஒரு சிறு காரின் டயர் ஏறத்தாழ 600 மில்லிமீட்டர் குறுக்களவு உடையது. முன்சக்கரங்களின் முன்விளிம்புகள் பின்விளிம்புகளைக் காட்டிலும் 3 மில்லிமீட்டர் மிகையாக நெருங்கியிருப்பதாகக் கொள்க. ஒவ்வொரு சக்கரத்தின் பங்கு ஒன்றரை மில்லிமீட்டர். 600-க்கு ஒன்றரை என்பது 1,000-க்கு இரண்டரை. எனவே, கார் ஒரு கிலோமீட்டர் நேரே செல்லும்போது, ஒவ்வொரு முன்சக்கரமும் இரண்டரை மீட்டர் தொலைவு பக்கவாட்டில் இழுபட வேண்டியதாகின்றது. 100 கிலோமீட்டர் சென்றால் 250 மீட்டர் இழுபடும். கண்ணுக்குப் புலனாகாத ஒன்றரை மில்லிமீட்டர், ரப்பரை அரத்தால் அராவுவது போல் அராவிவிடும் என்பது இதனால் விளங்கும்.

சாலையும் காற்றும்

“வண்டி இடப்பக்கம் இழுக்கிறது, அலைன்மென்ட் போய்விட்டது” என்னும் சொல்லை நாம் அடிக்கடி கேட்கின்றோம். இதன் முற்பகுதி குற்றச்சாட்டு, பிற்பகுதி தீர்ப்பு. இரண்டற்கும் இடையே நடைபெற வேண்டிய விசாரணை பெரும்பாலும் நடைபெறுவதில்லை. வண்டி ஒரு பக்கம் இழுத்தற்குக் காரணங்கள் பல. அவற்றுள் எளியனவற்றை முன்னும் அரியனவற்றைப் பின்னும் ஆராய்தலே முறை. செலவில்லாதது முன், செலவுடையது பின் என்றும் இதனைச் சொல்லலாம்.

முதற்கண் சாலையை ஆராய்க. மழைநீர் வடிந்தோடும் பொருட்டுச் சாலைகளின் நடுப்பகுதியை உயர்த்தி, இருபுறமும் சரிவாக அமைப்பர். தார்ச் சாலைகளில் அச்சரிவு 100-க்கு 2 என்னும் அளவை ஒட்டியிருக்கும். நம் நாட்டில் வண்டிகள் இடப்பக்கமாகச் செல்லுதலின், ஒரு குறையுமில்லாத காரும் அச்சரிவின் வழியே மெல்ல இடப்பக்கம் சாயும். இது வண்டியின் குற்றமன்று, சாலையின் இயல்பு. ஆகலின், சரிவில்லாத அகன்ற வெளியிலோ, போக்குவரவு இல்லாத சமதளச் சாலையிலோ ஓட்டிப் பார்த்தல் வேண்டும். மணிக்கு 40 கிலோமீட்டர் விரைவில், ஸ்டியரிங்கை இறுகப் பிடியாது மெல்லப் பற்றிக்கொண்டு, வண்டி எப்பக்கம் செல்ல விழைகின்றது என்பதைக் கையால் உணர்க. கையை முற்றும் எடுத்துவிடுதல் ஒருபோதும் கூடாது. சாலையின் சரிவுக்கேற்ப இழுப்பு மாறுமாயின் சாலையே காரணம். எவ்வகைத் தளத்திலும் ஒரே பக்கம் வலிந்து இழுக்குமாயின் வண்டியிற் காரணம் உளது.

இரண்டாவதாகக் காற்றை ஆராய்க. முன்சக்கரங்கள் இரண்டனுள் ஒன்றிற் காற்றுக் குறைந்திருப்பின், வண்டி அப்பக்கமே இழுக்கும். வண்டி சில மணி நேரம் நின்று டயர்கள் குளிர்ந்த பின்னரே காற்றை அளத்தல் வேண்டும்; ஓடிச் சூடேறிய டயர் மிகுந்த அளவு காட்டும். நிரப்ப வேண்டிய அளவு, பெரும்பாலான கார்களில் ஓட்டுநர் கதவைத் திறந்தால் காணும் ஒட்டுச்சீட்டிலும், வண்டியோடு வந்த கையேட்டிலும் குறிக்கப்பட்டிருக்கும். டயரின் பக்கச் சுவரிற் பொறித்துள்ள எண் அந்த டயர் தாங்கும் மேலெல்லையே அன்றி, நிரப்ப வேண்டிய அளவன்று. இவ்வேறுபாட்டை அறியாது காற்றை மிகுவிப்பார் பலர்.

டயர் காட்டும் கணக்கு

மூன்றாவதாக டயரின் தேய்வை ஆராய்க. இதுவே சான்றுகளுள் தலையாயது. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரில் உள்ள பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுக்களை நம் மாணவர் யாவரும் வரலாற்றுப் பாடத்தில் படித்திருப்பர். கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளுக்குரிய அவை, குடவோலை முறையில் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தெரிந்தெடுக்கும் விதிகளைக் கூறுகின்றன. அவ்விதிகளுள் ஒன்று, முன்னர் வாரியஞ் செய்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் வாரியத்துக்கு உரியரல்லர் என்பது. சொல்லைக் கேளாது கணக்கைக் கேட்ட ஊர் அது. டயரும் தான் ஓடிய ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் தன் மேனியிலேயே கணக்கெழுதி வைத்திருக்கின்றது. படிக்கக் கற்றவர்க்கு அது மறைக்காது காட்டும்.

ஓட்டுநர்கள் ‘பட்டன்’ என்று வழங்கும் டயரின் மேற்பரப்புக் கட்டங்களை நோக்குக. நடுப்பகுதி மட்டும் தேய்ந்து ஓரங்கள் எஞ்சியிருப்பின், காற்று நெடுநாள் மிகுதியாக இருந்தது என்க. இரண்டு ஓரங்களும் தேய்ந்து நடுப்பகுதி எஞ்சியிருப்பின், காற்று நெடுநாள் குறைந்திருந்தது என்க. இவ்விரண்டும் காற்றுக் கருவியால் தீர்வன; நேர்நிலை திருத்துவதாற் பயனில்லை. இடையிடையே குழி விழுந்தாற்போல அலையலையாய்த் தேய்ந்திருப்பின், ஷாக் அப்சார்பர் தளர்ந்திருத்தலையோ சக்கரத்தின் எடைச் சமன் கெட்டிருத்தலையோ ஐயுறுக.

ஓர் ஓரம் மட்டும் தேய்ந்து மற்றோரம் புதிதுபோல் இருப்பின், அதுவே நேர்நிலை பிறழ்ந்தமைக்கு உரிய வலிய சான்று. கேம்பர் அளவிற்கு மேல் உட்சாய்ந்திருப்பின் உள்ளோரம் தேயும். வெளிச்சாய்ந்திருப்பின் வெளியோரம் தேயும். டோ பிறழ்ந்திருப்பின் வேறொரு குறியும் உண்டு. வண்டியை நிறுத்தி, டயரின் மேற்பரப்பில் உள்ளங்கையைக் குறுக்கே மெல்லத் தடவுக. ஒரு திசையில் வழுவழுப்பாகவும், எதிர்த்திசையில் அரம்போற் சொரசொரப்பாகவும் தோன்றுமாயின், கட்டங்கள் ஒருபுறமாகச் சீவப்பட்டுள்ளன என்பது பொருள். பக்கவாட்டில் இழுபட்ட டயரன்றி மற்றொன்று பெரும்பாலும் இங்ஙனம் ஆவதில்லை. கம்பி வெளிப்பட்ட டயரில் கை கிழிபடும். ஆதலால் முதலிற் கண்ணால் நோக்கிப் பின்னரே தடவுக.

ஈண்டு ஓர் எச்சரிக்கை. வண்டியின் பக்கத்தே நின்று நோக்குவார் காண்பது டயரின் வெளியோரத்தையே. உள்ளோரம் வண்டியின் அடியில் மறைந்துள்ளது. வெளியே பட்டன் நிறைந்து அழகாய்த் தோன்றும் டயர், உள்ளோரத்திற் கம்பி தெரியும் அளவுக்குத் தேய்ந்திருத்தல் உண்டு. எனவே, ஸ்டியரிங்கை முழுதும் ஒரு பக்கம் திருப்பி, டயர் வெளிநோக்கி வந்தபின், குனிந்து நோக்குதல் வேண்டும். பின்னர் மறுபக்கமும் அவ்வாறே செய்க. பின்சக்கரங்கள் திரும்பாமையின், அவற்றைத் தரையளவு தாழ்ந்து, கைவிளக்கு வைத்து நோக்குக. மாதம் ஒருமுறை இவ்வாறு குனிதற்குச் சோம்புபவர், மழைநாளில் அதற்குரிய விலையை ஒருங்கே கொடுக்க நேரும். கார் டயரின் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைதல் கூடாது என்பது நம் நாட்டு மோட்டார் வண்டி விதி. பள்ளங்களின் அடியிலே சிறு மேடுகள் வார்க்கப்பட்டிருக்கும். மேற்பரப்புத் தேய்ந்து அம்மேடுகளோடு சமமாயின், அந்த டயரின் காலம் முடிந்தது என்று அறிக.

பிற சான்றுகள்

சாலையும் காற்றும் குற்றமற்றனவாய், வண்டி இன்னும் இழுக்குமாயின், வேறு மூன்று செய்திகளை ஆராய்தல் வேண்டும்.

பிரேக்கை மிதிக்கும்போது மட்டும் இழுப்புத் தோன்றுமாயின், குறை பிரேக்கில் உள்ளது. மிதியாதபோதும் இழுக்குமாயின், ஒரு பக்கத்துப் பிரேக் விடாது பற்றிக்கொண்டிருத்தலும் கூடும். சிறிது தொலைவு பிரேக்கை மிகுதியும் மிதியாது ஓட்டி நிறுத்தி, சக்கரங்களின் அருகே கையைத் தொடாமற் காட்டினால், பற்றிய சக்கரம் மற்றதனினும் மிகுந்த சூடு வீசும்.

டயரின் உள்ளமைப்பிலேயே குறை இருத்தலும் உண்டு. முன்சக்கரங்கள் இரண்டையும் இடம் வலமாக மாற்றி ஓட்டிப் பார்க்கலாம். இழுப்பும் பக்கம் மாறினால் டயரே காரணம். மாறாதிருந்தால் காரணம் வேறிடத்தில். சுழலும் திசை குறித்துச் செய்யப்பட்ட டயர்களை மட்டும் இவ்வாறு மாற்றுதல் கூடாது. அவற்றின் பக்கச் சுவரில் அம்புக்குறி இருக்கும்.

மூன்றாவது, மூட்டுக்களின் தளர்ச்சி. சமதளத்தில் வண்டியை நிறுத்தி, ஜாக்கியால் ஒரு முன்சக்கரத்தைத் தரையினின்றும் உயர்த்தி, வண்டி சரியாதபடி உரிய தாங்குகட்டை வைத்த பின்னர், சக்கரத்தின் இருபக்கங்களையும் பிடித்து ஆட்டுக. தளர்ச்சி தெரியின் டை ராட் முனைகளை ஐயுறுக. பின்னர் மேலும் கீழும் பிடித்து ஆட்டுக. தளர்ச்சி தெரியின் பால் ஜாயின்டையோ வீல் பேரிங்கையோ ஐயுறுக. வண்டியின் அடியிற் படுத்து ஆராய்தலைத் தொழில் அறிந்தவர்க்கே விட்டுவிடுக.

இம்மூன்றாவது சான்று மிக இன்றியமையாதது. என்னை? தளர்ந்த மூட்டை மாற்றாது கோணத்தை மட்டும் திருத்துதல், ஆட்டங்கொடுத்த தூணில் நூல்கட்டித் தச்சுவேலை செய்தல் போல்வது. இன்று திருத்திய அளவு நாளை முதற் பள்ளத்திலேயே பிறழ்ந்துவிடும். அச்சாணி சிறிதாயினும் பெருந்தேர் அதனாலே ஓடுகின்றது என்பதை வள்ளுவனார் வினைத்திட்பம் என்னும் அதிகாரத்தில் உவமையாக்கினார். காரின் சிறு மூட்டுக்கும் அவ்வுவமை முழுதும் பொருந்தும்.

இனி, நேர்நிலைக்கு உரியதன்றாயினும் அதனோடு மயங்கும் குறை ஒன்றுண்டு. குறைந்த விரைவில் அமைதியாய் ஓடும் வண்டி, மணிக்கு 80 கிலோமீட்டரை அணுகும்போது ஸ்டியரிங் நடுங்குமாயின், அது பெரும்பாலும் சக்கரத்தின் எடைச் சமன் கெட்டதாலோ ரிம் கோணியதாலோ விளைவது. இதற்கு வேண்டுவது ‘வீல் பேலன்ஸிங்’. ரிம் கோணியிருப்பின் முதலில் அதனை நிமிர்த்தவோ மாற்றவோ வேண்டும். இழுப்பு வேறு, நடுக்கம் வேறு என்று பகுத்தறியாதார், ஒன்றற்குரிய மருந்தை மற்றொன்றற்குக் கொடுப்பர்.

துணியும் வகை

மேற்கூறியவற்றால், பின்வரும் நிலைகளில் நேர்நிலை அளத்தல் வேண்டும் என்று ஐயமின்றித் துணியலாம்.

சாலையும் காற்றும் பிரேக்கும் டயரும் காரணமல்ல என்று தெளிந்த பின்னும், வண்டி ஒரே பக்கம் இழுத்தல் ஒன்று. நேர்ச் சாலையில் வண்டி நேரே செல்லும்போது ஸ்டியரிங் மட்டும் கோணி நிற்றல் இரண்டு. வளைவில் திருப்பிய ஸ்டியரிங் முன்போல் மீளாதிருத்தல் மூன்று. ஓர் ஓரம் தேய்தலும், தடவுங்கால் ஒரு திசையிற் சொரசொரத்தலும் நான்கு. பெரும்பள்ளத்திலோ சாலை விளிம்பிலோ வலிந்து மோதிய பின் வண்டியின் நடையில் வேறுபாடு தோன்றல் ஐந்து. டை ராட் முனை, பால் ஜாயின்ட், லோயர் ஆர்ம் முதலிய உறுப்புக்களை மாற்றியமை ஆறு. இவ்வாறாவது நிலையில் வேறு குறி தோன்றும்வரை காத்திருத்தல் வேண்டா. மாற்றியதே போதிய காரணம். ஒரு குறியும் இல்லாவிடினும் 5,000 முதல் 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை அளந்து பார்க்குமாறு பட்டறையினர் சொல்லுவது வழக்கம். நம் ஊர்ச் சாலைகளுக்கு அது மிகையன்று.

பட்டறைக்குச் செல்லுமுன் வீட்டு முற்றத்திலேயே டோவை ஓரளவு அளந்தறியவும் இயலும். சமதளத்தில் வண்டியைச் சிறிது முன்னோக்கித் தள்ளி, ஸ்டியரிங் நேராக நிற்கும்படி நிறுத்துக. இரு முன்டயர்களின் முன்புறத்தும், அச்சின் உயரத்தில், மேற்பரப்பின் நடுவே சுண்ணக்கட்டியால் மெல்லிய குறி இடுக. இருவர் நாடாவின் இரு முனைகளைப் பிடித்து அக்குறிகளுக்கு இடையே உள்ள தொலைவை அளந்து எழுதுக. பின்னர் வண்டியை மெல்ல முன்னே தள்ளி, அக்குறிகள் அரைவட்டம் சுழன்று பின்புறத்தில் அதே உயரத்திற்கு வந்தவுடன் நிறுத்தி, மீண்டும் அளக்க. இரண்டளவின் வேறுபாடே டோவாகும். முன்னளவு சிறிதாயின் உள்நோக்கு, பெரிதாயின் வெளிநோக்கு. அதனைக் கையேட்டில் உள்ள அளவோடு ஒப்புநோக்குக; கையேடு கோண அளவையே கூறுமாயின், அதற்கு ஒத்த மில்லிமீட்டர் அளவைப் பட்டறையிற் கேட்டறிக. இது பொறியின் நுட்பத்திற்கு நிகராகாது. கேம்பரையும் காஸ்டரையும் சொல்லவும் மாட்டாது. ஆயினும், பட்டறைக்குச் செல்வதா என்னும் ஐயத்தைத் தீர்த்தற்கு இஃது உதவும்.

பட்டறையில் கேட்க வேண்டுவது

பட்டறைக்குச் சென்ற பின்னும் நம் கடமை முடிவதில்லை. திருத்துமுன் இருந்த அளவுகளையும், திருத்தியபின் உள்ள அளவுகளையும், செய்தோர் வகுத்த எல்லையையும் ஒருங்கே அச்சிட்ட தாளைக் கணினிப் பொறிகள் தரும். அத்தாளைக் கேட்டுப் பெறுக. முன்னளவுகள் யாவும் எல்லைக்குள்ளேயே இருந்தனவாயின், வண்டியின் குறைக்கு நேர்நிலை காரணமன்று. வேறு காரணத்தைத் தேடுக. டோ திருத்தப்பட்டும் கேம்பர் எல்லைக்கு வெளியே நிற்குமாயின், பல சிறு கார்களில் கேம்பரை எளிதில் திருத்தும் வாய்ப்பு அமைக்கப்படவில்லை என்பதையும், ஆதலால் யாதேனும் ஓர் உறுப்பு வளைந்திருத்தல் கூடும் என்பதையும் உணர்க. அத்தகைய வண்டிக்கு அளவுத் தாளால் மட்டும் நலம் விளையாது. வளைந்த உறுப்பைக் கண்டு மாற்றுதலே தீர்வு.

கணக்குத் தாளைக் கேட்டல் பட்டறைக்காரரை இகழ்தலாகாது. நெடுநாள் உழைத்துக் கைதேர்ந்த தொழிலாளர் பலர், வண்டியை ஒருமுறை ஓட்டிய அளவிலேயே குறையின் இடத்தைச் சொல்லவல்லராயிருக்கின்றனர். அவர்தம் நுண்ணறிவு போற்றத்தக்கது. ஆயினும், நல்லவரிடமும் கணக்குக் கேட்பதே நன்முறை என்பதை ஆயிரம் ஆண்டுகட்கு முன்னரே உத்திரமேரூர்ச் சபையார் கல்லில் எழுதி வைத்தனர். கணக்குக் கேட்பது ஐயத்தின் அடையாளமன்று, ஒழுங்கின் அடையாளம்.

முடிவுரை

தமிழ் மாணவனுக்கும் பட்டறைக்கும் உள்ள உறவு இதனால் விளங்கியிருக்கும். ஒரு பாட்டின் பாடத்தைத் துணிவோர் ஓர் ஏட்டை மட்டும் கண்டு துணிவதில்லை. பல ஏடுகளை ஒப்புநோக்கி, எழுதினோர் பிழையையும் செல்லரித்த இடத்தையும் கழித்து, எஞ்சியதையே மெய்ப்பாடமாகக் கொள்ளுகின்றனர். கார் ஆராய்ச்சியிலும் சாலையின் இயல்பைக் கழித்து, காற்றின் குறையைக் கழித்து, பிரேக், டயர், மூட்டு ஆகியவற்றின் குறையைக் கழித்து, எஞ்சியதையே நேர்நிலைப் பிறழ்ச்சி எனக் கொள்ளுதல் வேண்டும். கருவி வேறு, முறை ஒன்றே.

இம்முறையை அறிந்த ஓட்டுநர் வேண்டாத திருத்தத்திற்குப் பொருளை இழவார். வேண்டிய திருத்தத்தை நாளைக்கென்று தள்ளியும் வையார். விடுமுறையில் ஊர் செல்லும் மாணவ நண்பர்கள், தம் வீட்டு வண்டியாயினும் அண்டை வீட்டு வாடகை வண்டியாயினும், ஸ்டியரிங்கைத் திருப்பச் சொல்லி ஒருமுறை குனிந்து டயரின் உள்ளோரத்தை நோக்குவாராக. அவ்வண்டி மழையிரவில் யாரை ஏற்றிச் செல்லவிருக்கின்றது என்பது நமக்குத் தெரியாது. அதன் சக்கரங்கள் எந்நிலையில் உள்ளன என்பதையேனும் நாம் தெரிந்துகொள்ளலாம்.